சைனிக் பள்ளி என்றால் என்ன? ராணுவ உறைவிடப் பள்ளிகளின் வரலாறும் மரபுகளும்

ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கான அறிவிப்பு நாளிதழ்களில் வெளியாகும் போதெல்லாம் சைனிக் பள்ளி என்ற பெயர் பல வீடுகளில் பேச்சுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பள்ளி எத்தகையது என்பதைத் தெளிவாக அறிந்தவர்கள் குறைவு. அங்கே சேர்த்துவிட்டால் பிள்ளை கட்டாயமாக ராணுவத்துக்குப் போயாக வேண்டும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளையைத் திருத்தி அனுப்பும் இடம் என்று வேறு சிலர் நம்புகிறார்கள். இரண்டு எண்ணங்களும் தவறானவை. இரண்டாவது எண்ணம் பிள்ளைக்குத் தீங்கும் விளைவிக்கக் கூடியது, ஏனெனில் தண்டனையாக அனுப்பப்பட்ட பிள்ளையால் அந்த வாழ்க்கையோடு ஒட்ட முடிவதில்லை.

ராணுவ உறைவிடப் பள்ளி என்பது பொதுக் கல்வியைக் கற்பிக்கும் ஒரு சாதாரணப் பள்ளிதான். நம் நாட்டுச் சைனிக் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. மற்ற பள்ளிகளில் உள்ள கணக்கும் அறிவியலும் வரலாறுமே இங்கும் பாடங்கள். வேறுபாடு வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. எழுந்திருப்பது, உடுத்துவது, உண்பது, விளையாடுவது, படிப்பது, உறங்குவது ஆகிய அனைத்தும் ராணுவத்திலிருந்து எடுத்துக்கொண்ட ஓர் ஒழுங்குக்குள் அமைகின்றன. மாணவர்களைக் ‘கேடட்’ என்று அழைத்தாலும் அவர்கள் படைவீரர்கள் அல்லர். அவர்களுக்குச் சம்பளமோ பதவியோ கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் புனே அருகே கடக்வாஸ்லாவில் முப்படைகளின் வருங்கால அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசிய பாதுகாப்பு அகாடமிக்குச் செல்ல அவர்களைத் தயார் செய்வதே பள்ளியின் நோக்கம். அந்த வழியில் போகாமல் மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆசிரியராகவோ ஆனவர்களும் ஒவ்வொரு சைனிக் பள்ளியின் முன்னாள் மாணவர்களில் ஏராளம்.

இந்தப் பள்ளிகளின் மரபுகள் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வெறும் சடங்குகளாகத் தோன்றலாம். அணிவகுப்பு, மெருகேற்றிய காலணி, ஹவுஸ் எனப்படும் மாணவர் பிரிவின் கொடி, கோப்பை என்று பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றும் ஒரு தேவையிலிருந்து பிறந்தவை என்பதும், அவற்றில் மிக முக்கியமான தேவை வெவ்வேறு வசதி நிலையிலிருந்து வரும் பிள்ளைகளை ஒரே நிலையில் நிறுத்துவது என்பதும் என் உறுதியான கருத்து. அதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தொடக்கங்கள்

ராணுவப் பள்ளிகள் உலகில் இரண்டு வேர்களிலிருந்து முளைத்தன. ஒன்று, அதிகாரிகளை உருவாக்க வேண்டிய அரசின் தேவை. பிரான்சின் லா பிளெஷ் நகரில் 1604-இல் இயேசு சபையினரின் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. தத்துவ அறிஞர் தெகார்த் அங்கே படித்தவர். சபையினர் வெளியேற்றப்பட்ட பிறகு, 1764-இல் அந்த வளாகம் ராணுவக் கல்விக்கு முந்தைய நிலைப் பள்ளியாக மாறியது. 1808-இல் நெப்போலியன் தம் ராணுவப் பள்ளியை அங்கே நிலைநிறுத்தினார். அவரே சிறுவனாக இருந்தபோது பிரியென் ராணுவப் பள்ளியில் 1779 முதல் 1784 வரை அரசு உதவியுடன் படித்தவர். வசதி குறைந்த பிரபுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட பள்ளி அது.

மற்றொரு வேர், போரில் இறந்த வீரர்களின் பிள்ளைகளைக் காக்க வேண்டிய கடமை. இங்கிலாந்தில் 1803-இல் லண்டனின் செல்சீ பகுதியில் திறக்கப்பட்டு, 1909-இல் டோவர் நகருக்கு இடம் மாறிய யார்க் கோமகன் ராணுவப் பள்ளி, வீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1943-இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, சுவோரோவ் பள்ளிகளைத் திறந்ததற்கும் போரில் தந்தையை இழந்த சிறுவர்களின் பெருக்கம் ஒரு முக்கியக் காரணம்.

உறைவிடப் பள்ளியின் உள் அமைப்பு மட்டும் ராணுவத்திலிருந்து வந்ததல்ல. மாணவர்களைப் பல ஹவுஸ்களாகப் பிரிப்பது, மூத்த மாணவர்களைப் பிரிஃபெக்ட்களாக்கி இளையவர்களின் பொறுப்பை ஒப்படைப்பது, விளையாட்டைப் பாடத்துக்கு இணையாக மதிப்பது ஆகியவை இங்கிலாந்தின் தனியார் உறைவிடப் பள்ளிகளில் வேரூன்றிய முறைகள். ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமை ஆசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, மூத்த மாணவர்களின் அதிகாரத்தைப் பொறுப்புணர்வோடு பிணைத்து நெறிப்படுத்தியவராக நினைவுகூரப்படுகிறார். இந்தியாவின் ராணுவப் பள்ளிகள் இந்த ஹவுஸ் முறையையும் படைப்பிரிவுகளின் பழக்கங்களையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தவை.

டேராடூனில் தொடங்கிய இந்தியக் கதை

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், இந்தியர்களும் பிரிட்டிஷ் அரசரின் முழுமையான அதிகாரிப் பதவியைப் பெறலாம் என்ற முடிவு எடுக்கப்பட்டது. 1918 முதல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் இந்தியர்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆனால் அங்கே சேர்ந்தவர்களில் கணிசமானோர் பயிற்சியை நிறைவு செய்ய இயலாமல் திரும்பினர். அறிவுக் குறைவு அதற்குக் காரணமல்ல. அங்கிருந்த ஆங்கிலேய மாணவர்கள் சிறு வயது முதலே உறைவிடப் பள்ளிகளில் வாழ்ந்து பழகியவர்கள். நம் இளைஞர்களோ வீட்டிலிருந்து நேரே, கடல் கடந்து, முற்றிலும் அந்நியமான ஒரு வாழ்க்கைக்குள் தள்ளப்பட்டவர்கள்.

இந்தக் குறையைப் போக்கும் பொருட்டு, 1922 மார்ச் 13 அன்று டேராடூனில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்ததால் அவர் பெயரையே தாங்கிய அந்த நிறுவனம், இன்று ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி என்று அழைக்கப்படுகிறது. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் பள்ளியே அது. கர்சன் பிரபு காலத்தில் சமஸ்தான இளவரசர்களுக்கென நடத்தப்பட்ட ராணுவப் பயிற்சி முகாமின் வளாகம் அதற்கு ஒதுக்கப்பட்டது. 1932-இல் அதே டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி தொடங்கப்பட்ட பிறகு சாண்ட்ஹர்ஸ்டுக்குக் கப்பல் ஏறும் தேவை மறைந்தது. பள்ளி மட்டும் தொடர்ந்து நின்றது.

இந்தப் பள்ளியில் படித்தவர்களின் வரிசையைப் பார்த்தால் துணைக்கண்டத்தின் வரலாறே கண்முன் விரியும். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவைச் சுதந்திர இந்தியாவில் முதலில் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மா, 1947 நவம்பர் 3 அன்று காஷ்மீரின் பட்காமில் உயிர் நீத்தவர், இங்கே படித்தவர். தரைப்படைத் தளபதியாக விளங்கிய ஜெனரல் திம்மையாவும் அவ்வாறே. பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தான் விமானப்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற அஸ்கர் கானும், 1971 போர் முடிந்த கையோடு பாகிஸ்தான் தரைப்படைக்குத் தலைமை ஏற்ற குல் ஹசன் கானும் இதே பள்ளியில் வளர்ந்தவர்கள். ஒரே உணவுக்கூடத்தில் உண்டு வளர்ந்தவர்கள் எதிரெதிர் அணிகளில் நிற்க நேர்ந்தது இப்பள்ளி வரலாற்றின் மிகக் கனமான பக்கம். நம் தலைமுறைக்கு நெருக்கமான பெயர் வேண்டுமானால், 2000 முதல் 2002 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் சுந்தரராஜன் பத்மநாபனைச் சொல்லலாம். அவரும் இங்கே படித்தவரே.

டேராடூன் பள்ளி அதிகாரிகளை உருவாக்கும் நோக்கம் கொண்டது. படைவீரர்களின் பிள்ளைகளுக்கெனத் தனியே ‘கிங் ஜார்ஜ்’ பள்ளிகள் ஏற்பட்டன. அவையே பெயர் மாறி இன்று ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளிகளாக இயங்குகின்றன. இமாச்சலப் பிரதேசத்தின் சைல், ராஜஸ்தானின் அஜ்மீர், தோல்பூர், கர்நாடகத்தின் பெலகாவி, பெங்களூரு என ஐந்து இடங்களில் அவை உள்ளன. இடங்களில் பெரும்பங்கு இன்றும் வீரர்கள் மற்றும் இளநிலை அதிகாரிகளின் பிள்ளைகளுக்கே உரியது.

1961: கதவு அகலத் திறந்தது

சுதந்திரம் கிடைத்த பிறகும் இந்தியப் படைகளின் அதிகாரி வரிசையில் ஒரு சமமின்மை நீடித்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர்கள் சில இனங்களை மட்டுமே ‘போர்க்குடிகள்’ என்று வகைப்படுத்தி, பஞ்சாபையும் வடமேற்குப் பகுதிகளையும் மையமாக வைத்து ஆள் சேர்த்தனர். சென்னை மாகாணப் படைப்பிரிவுகள் பல படிப்படியாகக் கலைக்கப்பட்டன. தென்னாட்டவர் போருக்கு ஏற்றவர்கள் அல்லர் என்ற ஆதாரமற்ற கருத்து அந்தக் கொள்கையின் விளைவாகப் பரவியது. அதோடு, அதிகாரியாவதற்கு ஆங்கிலப் பழக்கமும் உயர்தரப் பள்ளிக் கல்வியும் தேவைப்பட்டதால், பணம் படைத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கே அந்த வாய்ப்பு எளிதில் கிட்டியது.

அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன் முன்வைத்த தீர்வுதான் சைனிக் பள்ளித் திட்டம். மாநிலந்தோறும் ஒரு பள்ளி, கிராமத்துப் பிள்ளைக்கும் எட்டும் செலவு, உயர்தரமான கல்வி, அதிகாரியாவதற்கு வேண்டிய உடல் தகுதியும் மனத் தகுதியும் அங்கேயே வளரும் என்பது அதன் சாரம். மாநில அரசு நிலமும் கட்டடங்களும் உதவித்தொகையும் தரும். பாதுகாப்பு அமைச்சகம் முப்படை அதிகாரிகளைப் பள்ளி நிர்வாகத்துக்கு அனுப்பும். சைனிக் பள்ளிகள் சங்கம் என்ற அமைப்பு அனைத்தையும் ஒருங்கிணைக்கும். உத்தரப் பிரதேச அரசு 1960-இலேயே லக்னோவில் இத்தகைய பள்ளியைச் சொந்தமாகத் தொடங்கியிருந்தது. சங்கத்தின் முதல் பள்ளி 1961 ஜூன் 23 அன்று மகாராஷ்டிரத்தின் சத்தாராவில் தொடங்கியது. அதே ஆண்டில் குஞ்ச்புரா, கபுர்தலா, ஜாம்நகர், சித்தோர்கர் பள்ளிகள் தொடர்ந்தன. அடுத்த ஆண்டு தெற்கின் முறை வந்தது. ஆந்திரத்தின் கோருகொண்டாவும் கேரளத்தின் கழக்கூட்டமும் 1962 ஜனவரியிலும், நம் அமராவதிநகர் பள்ளி 1962 ஜூலை 16 அன்றும் தொடங்கின.

அமராவதிநகர் பள்ளி உடுமலைப்பேட்டைக்கு அருகே, ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில், அமராவதி அணையை ஒட்டி அமைந்திருக்கிறது. வேறு சில பள்ளிகளுக்குக் கிடைத்த இடங்களும் குறிப்பிடத் தக்கவை. கபுர்தலா பள்ளி, பிரான்சின் வெர்சாய் அரண்மனையை முன்மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்ட மன்னர் மாளிகையில் இயங்குகிறது. ஜாம்நகர் பள்ளி நிற்கும் பாலாச்சடியில், இரண்டாம் உலகப் போரின் போது போலந்திலிருந்து அகதிகளாக வந்த நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு மன்னர் திக்விஜய்சிங் அடைக்கலம் கொடுத்திருந்தார்.

ஒரு கேடட்டின் நாள்

வரலாற்றைவிட மரபுகளே இந்தப் பள்ளிகளின் உயிர் என்பதால் அவற்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

பத்து அல்லது பதினொரு வயதில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது ஓர் எண். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்தவர்களின் வரிசையில் அவனுடைய இடத்தைக் காட்டும் அந்த எண், சட்டையின் கழுத்துப் பட்டியிலும் காலுறையிலும் துண்டிலும் போர்வையிலும் எழுதப்படுகிறது. நூற்றுக்கணக்கானவர்களின் வெள்ளை உடைகள் ஒன்றாகச் சலவைக்குப் போய்த் திரும்பும் இடத்தில் அது இல்லாமல் எதுவும் நடக்காது. ஐம்பது வயதில் சந்திக்கும் முன்னாள் மாணவர்கள்கூடப் பெயருக்கு அடுத்தபடியாகத் தங்கள் எண்ணையும் பேட்ச்சையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது இந்தப் பள்ளிகளில் வழக்கம்.

அடுத்து முடி வெட்டப்படுகிறது. பிறகு சீருடை. உள்ளூர் நில உடைமையாளரின் மகனும், பேருந்து நடத்துநரின் மகனும், ராணுவத்தில் ஹவில்தாராக இருப்பவரின் மகனும் ஒரே மாதிரிக் கட்டிலில் ஒரே மாதிரிப் போர்வையோடு படுக்கிறார்கள். வீட்டிலிருந்து தின்பண்டமோ அதிகப் பணமோ கொண்டு வருவதற்குக் கட்டுப்பாடு உண்டு. வெளியாருக்குக் கடுமையாகத் தோன்றும் இந்த விதிகளின் பொருள் இங்கேதான் இருக்கிறது: யார் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது சில வாரங்களில் யாருக்கும் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

நாள் விடியும் முன்பே தொடங்குகிறது. மணி அடித்ததும் எழுந்து, முகம் கழுவி, வெள்ளைக் காலணி அணிந்து ‘ஃபால் இன்’ ஆக வேண்டும். அதாவது வரிசையில் வந்து நிற்க வேண்டும். எண்ணிக்கை சரிபார்க்கப்பட்ட பிறகு உடற்பயிற்சி. சில நாட்களில் அணிவகுப்புப் பயிற்சி. தேசிய மாணவர் படை எல்லோருக்கும் கட்டாயம் என்பதால் அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில் இருக்கும். இந்தி அறியாத பிள்ளையும் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்ற கட்டளைகளுக்கு முதல் வாரத்திலேயே பழகிவிடுகிறான். திரும்பி வந்ததும் கட்டிலைச் சீர் செய்ய வேண்டும். விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகி, போர்வையைக் குறித்த அளவில் மடித்து வைப்பது ஒரு தனிக் கலை.

காலணிக்கு மெருகேற்றுவதும் அவ்வாறே. பாலிஷைத் தடவி, காய விட்டு, ஈரப் பஞ்சால் சிறு சிறு வட்டங்களாகத் திரும்பத் திரும்பத் தேய்த்தால், முனைப் பகுதி கண்ணாடி போல் முகம் காட்டும் அளவுக்குப் பளபளக்கும். புதிதாக வந்தவனுக்கு இது கைவரப் பல நாட்கள் ஆகும். பெரும்பாலும் அதைக் கற்றுத் தருபவர் ஆசிரியர் அல்லர், அடுத்த கட்டிலில் இருக்கும் ஏழாம் வகுப்பு மாணவனே. இந்தப் பள்ளிகளில் கற்றல் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. ஓராண்டு மூத்தவன், தான் சென்ற ஆண்டு பட்ட பாட்டை மறக்காமல் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறான்.

மெஸ் என்று அழைக்கப்படும் உணவுக்கூடத்தில் எல்லா வகுப்பினரும் கலந்து அமர்வார்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மூத்த மாணவன் பொறுப்பாளன். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகே உண்ணத் தொடங்குவதும், கரண்டி, முள்கரண்டி, கத்தி ஆகியவற்றைக் கையாளப் பழகுவதும், உணவை வீணாக்காமல் முடிப்பதும் இங்கே கற்பிக்கப்படுகின்றன. பிற்காலத்தில் அதிகாரிகளின் மெஸ்ஸில் அமரும்போது கூச்சப்படாமல் இருக்க வேண்டும் என்பதே இதன் தொடக்க நோக்கம். சாண்ட்ஹர்ஸ்டில் தடுமாறிய அந்த முதல் இந்திய இளைஞர்களின் அனுபவம் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது.

வகுப்புகள் பிற்பகல் வரை நடக்கும். மாலையில் விளையாட்டு. பிறகு ‘ப்ரெப்’ என்னும் மேற்பார்வையிடப்பட்ட படிப்பு நேரம். அந்த நேரத்தில் எழுந்து நடமாடவோ பேசவோ அனுமதி இல்லை. இரவு உணவு, கடைசி எண்ணிக்கை, விளக்கணைப்பு என்று நாள் முடிகிறது.

ஹவுஸ், கோப்பை, தோல்விக்கும் ஒரு பரிசு

ஒரு கேடட்டின் உண்மையான ஊர் அவனுடைய ஹவுஸ். ஒவ்வொரு ஹவுஸுக்கும் ஒரு பெயர், ஒரு நிறம், ஒரு கொடி, ஹவுஸ் மாஸ்டராக ஓர் ஆசிரியர், ஹவுஸ் கேப்டனாகப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர். டேராடூனில் சந்திரகுப்தர், பிரதாப், ரஞ்சித், சிவாஜி என்று நான்கு பிரிவுகள் உண்டு. சைனிக் பள்ளிகளில் தேசத் தலைவர்களின் பெயர்களோ அந்தந்த மாநில வரலாற்றோடு தொடர்புடைய பெயர்களோ இடம்பெறும். விளையாட்டு, படிப்பு, பேச்சுப் போட்டி, அணிவகுப்பு, தோட்டப் பராமரிப்பு என அனைத்திலும் ஹவுஸ்களுக்கிடையே ஆண்டு முழுவதும் போட்டி நடக்கும். மொத்தப் புள்ளிகளில் முதலில் வரும் ஹவுஸுக்கு ‘காக் ஹவுஸ்’ கோப்பை. சேவலின் பெயரைக் கொண்ட இந்தப் பட்டம் ஆங்கிலேயப் பள்ளிகளிலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்டது.

ஹவுஸ் முறையின் மதிப்பை உணர்த்தும் போட்டி, என் பார்வையில், கிராஸ் கண்ட்ரி என்னும் நெடுந்தொலைவு ஓட்டம். சாதாரணப் பந்தயத்தில் முதல் மூவருக்கே மதிப்பு. இங்கே பல பள்ளிகளில், குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்கும் ஒவ்வொருவரும் ஹவுஸுக்குப் புள்ளி சேர்க்கிறார்கள். ஆகவே மிக மெதுவாக ஓடும் மாணவன் யாருக்கும் வேண்டாதவனாகி விடுவதில்லை. அவனை எல்லைக்கோட்டுக்குக் கொண்டு வந்து சேர்ப்பது மொத்த ஹவுஸின் கவலையாகிறது. தம் ஓட்டத்தை முடித்த மூத்தவர்கள் ஓடுபாதையின் கடைசிப் பகுதிக்குத் திரும்பி நின்று, மூச்சு வாங்கி வரும் சிறுவர்களை பெயர் சொல்லி உரக்க ஊக்கப்படுத்துவதைக் காணலாம்.

குத்துச்சண்டையில் இன்னொரு மரபு உண்டு. வென்றவருக்குப் பதக்கம் தருவதோடு, தோற்றவர்களில் மிகத் துணிவாக நின்றவருக்கு ‘பெஸ்ட் லூசர்’ என்ற பரிசும் வழங்கப்படும். பல ராணுவப் பயிற்சி நிலையங்களிலும் வழங்கும் இந்தப் பரிசு, வலிமையான எதிராளியோடு மோதி, அடி வாங்கி, கடைசிச் சுற்று வரை பின்வாங்காத மாணவனுக்கு உரியது. தோல்வியைக் கண்டு ஒளிந்துகொள்ளாமல் இருக்கப் பதின்ம வயதிலேயே பழக்கும் இந்த ஏற்பாடு வேறு பள்ளிகளும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

ஆண்டு விழாவும் முன்னாள் மாணவர் சந்திப்பும் நடக்கும் நாட்களில், உயிர் நீத்த முன்னாள் மாணவர்களின் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கப்படும். லக்னோ பள்ளி இன்று கேப்டன் மனோஜ் குமார் பாண்டேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே படித்த அவர், 1999 ஜூலை 3 அன்று கார்கில் போரில் காலுபாரில் வீரமரணம் அடைந்து பரம்வீர் சக்ரா பெற்றவர். தாங்கள் அமரும் அதே வகுப்பறையில் அமர்ந்தவர் அவர் என்று அங்குள்ள மாணவர்கள் அறிந்திருப்பது எந்தப் பாடத்தாலும் தர முடியாத ஒன்று. பெருமைக்குரிய மற்றொரு தொடர்ச்சியும் உண்டு: 2024-இல் கடற்படைத் தளபதியான அட்மிரல் தினேஷ் திரிபாதியும், அதே ஆண்டு தரைப்படைத் தளபதியான ஜெனரல் உபேந்திர திவிவேதியும் ரேவா சைனிக் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

மரபு தவறும் இடம்

மூத்தவர்களிடம் அதிகாரத்தைக் கொடுக்கும் எந்த அமைப்பிலும் அந்த அதிகாரம் கொடுமையாக மாறும் ஆபத்து உண்டு. இளையவர்களைத் தனிப்பட்ட வேலைகளுக்கு ஏவுவது, உடல் வருத்தும் தண்டனைகளைக் கொடுப்பது, அதையும் ‘மரபு’ என்று சொல்லிக்கொள்வது ஆகியவை உலகெங்கும் ராணுவ உறைவிடப் பள்ளிகள் எதிர்கொண்டு வரும் சிக்கல். இதை மழுப்பிப் பேசக் கூடாது. இந்தியாவில் மாணவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்தும் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. ‘நான் பட்டேன், நீயும் படு’ என்ற மனப்பான்மைக்கு இந்தப் பள்ளிகளின் உண்மையான மரபில் இடமில்லை. காலணி மெருகேற்றக் கற்றுத் தரும் ஏழாம் வகுப்பு மாணவனும், ஓட்டத்தில் திரும்பி வந்து நிற்கும் மூத்தவனுமே அந்த மரபைச் சரியாகக் கொண்டு செல்பவர்கள். பெற்றோர் விடுமுறையில் பிள்ளையோடு அமர்ந்து, கல்வி மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் ஹவுஸ் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்பது அவசியம்.

கட்டணமும் கவலைக்குரியது. எல்லோருக்கும் எட்டும் பள்ளி என்பதே தொடக்க நோக்கமாக இருக்க, பல பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் இன்று ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்து மாநில அரசுகள் வழங்கும் உதவித்தொகைதான் அந்த நோக்கத்தை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்தத் தொகை காலத்தோடு உயராவிட்டால், 1961-இல் திறந்த கதவு ஓசையின்றி மூடிக்கொள்ளும்.

நெடுங்காலம் மூடியிருந்த இன்னொரு கதவு அண்மையில்தான் திறந்தது. 2018-19 கல்வியாண்டில் மிசோரத்தின் சிங்சிப் சைனிக் பள்ளி சோதனை முயற்சியாகப் பெண் பிள்ளைகளைச் சேர்த்தது. 2021-22 முதல் எல்லாச் சைனிக் பள்ளிகளும் ஆறாம் வகுப்பில் மாணவிகளைச் சேர்க்கின்றன. நூறாண்டுகள் ஆண்களுக்கு மட்டுமே இருந்த டேராடூன் கல்லூரி, உச்ச நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 2022-இல் மாணவிகளுக்குத் திறந்தது. தேசிய பாதுகாப்பு அகாடமியும் அதே ஆண்டில் பெண் கேடட்களை வரவேற்றது.

சேர விரும்புவோர் அறிய வேண்டியவை

சைனிக் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் சேரலாம். சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று ஆறாம் வகுப்புக்கு 10 முதல் 12 வயதும், ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15 வயதும் இருக்க வேண்டும். தேசியத் தேர்வு முகமை நடத்தும் அகில இந்திய நுழைவுத் தேர்வில் ஆறாம் வகுப்புக்கு மொத்தம் 300 மதிப்பெண்கள்; அதில் பாதி, அதாவது 150, கணக்குக்கு உரியது. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஆகியவை தலா 50. எனவே கணக்கில் வலுவாக இல்லாமல் இந்தத் தேர்வைக் கடப்பது கடினம். தேர்வுக்குப் பின் மருத்துவப் பரிசோதனை உண்டு. இடங்களில் 67 விழுக்காடு பள்ளி அமைந்துள்ள மாநிலத்தைச் சேர்ந்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், படையினரின் பிள்ளைகள் ஆகியோருக்கும் ஒதுக்கீடுகள் உள்ளன.

டேராடூன் கல்லூரிக்கான தேர்வு தனி. எட்டாம் வகுப்பில் சேர, பதினொன்றரை வயது முதல் பதின்மூன்று வயதுக்குள் இருப்பவர்கள் ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும், எழுதலாம். தமிழ்நாட்டில் இதை அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. இடங்கள் மிகக் குறைவு. நேர்முகத் தேர்வும் உண்டு.

2021-இல் ஒன்றிய அமைச்சரவை, தனியார் மற்றும் தொண்டு நிறுவனப் பள்ளிகளின் கூட்டோடு 100 புதிய சைனிக் பள்ளிகளை ஏற்படுத்த ஒப்புதல் அளித்தது. அவை ஏற்கெனவே இயங்கி வரும் பள்ளிகளுக்குள் சைனிக் பிரிவாக அமைபவை. நிர்வாகமும் கட்டணமும் பழைய சைனிக் பள்ளிகளிலிருந்து வேறுபடும். சிலவற்றில் வீட்டிலிருந்து வந்து போகும் மாணவர்களும் உண்டு. இவ்வளவு நேரம் விவரித்த ஹவுஸ் வாழ்க்கைதான் வேண்டும் என்று கருதும் பெற்றோர், விண்ணப்பத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் அது எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகிறது. சேர்ந்த பிறகு பயிற்று மொழி ஆங்கிலம் என்பதால் முதல் ஆண்டு கடினமாக இருக்கும். எனினும் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு அதைக் கடந்து செல்ல ஏழு ஆண்டுகள் இருக்கின்றன.